ஒரு டீச்சரின் நினைவு மலர்: நாகர்கோவில் அச்சகம் ஒன்றைப் பற்றி

எங்கள் பக்கத்தில் ஒருவர் காலமானால், பதினாறாம் நாள் அடியந்திரத்துக்கோ முதலாண்டு நினைவு நாளுக்கோ ஒரு நினைவு மலர் அச்சிட்டுக் கொடுக்கும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. அட்டையில் இறந்தவரின் வண்ணப்படம், உள்ளே பேரன் பேத்திகளின் கவிதைகள், ஊர்ப் பெரியவர்களின் இரங்கலுரைகள், கடைசிப் பக்கத்தில் நன்றி என்று அது அமைந்திருக்கும். எங்கள் வீட்டு அலமாரியில் சேர்ந்திருக்கும் அத்தகைய மலர்களை எடுத்துப் படித்தால், பெயரையும் படத்தையும் மாற்றிவிட்டால் ஒன்றை மற்றவருக்கும் பொருத்திவிடலாம் என்று தோன்றும். எல்லோரும் அன்பின் வடிவமாகவும் பண்பின் உறைவிடமாகவுமே இருக்கிறார்கள். அவர் காலையில் எழுந்து என்ன வேலை செய்தார், அதை எப்படிச் செய்தார் என்பது மட்டும் கிடைப்பதில்லை.

என் ஆச்சி, அதாவது அப்பாவின் அம்மா, இந்த மாவட்டத்தின் அரசு தொடக்கப் பள்ளிகளில் ஏறக்குறைய வாழ்நாள் முழுவதும் பாடம் நடத்தியவர். ஊரில் அவரைப் பெயர் சொல்லி அழைத்தவர்கள் மிகக் குறைவு. மூன்று தலைமுறைக்கும் அவர் டீச்சர்தான். அவருக்கு ஒரு மலர் போட வேண்டும் என்று குடும்பத்தில் முடிவானபோது, நாகர்கோவில் மணிமேடையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு கட்டடத்தின் முதல் மாடியில் இருக்கும் சிறிய அச்சகம் ஒன்றை உறவினர் ஒருவர் சொன்னார். அந்த அச்சகத்தின் பணியைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று உரிமையாளர் அண்ணாச்சி கேட்டுக்கொண்டார். ஒரு நேரத்தில் ஒரு மலரை மட்டுமே எடுத்துச் செய்யும் இடம் அது. கூட்டம் சேர்ந்தால் அப்படிச் செய்ய முடியாது என்பது அவருடைய எண்ணம். ஆனாலும் அவர்கள் வேலை செய்யும் முறையை விரிவாகச் சொன்னால், வேறு எந்த அச்சகத்துக்குப் போகிறவர்களும் அங்கே என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம்.

நாகர்கோவிலுக்கும் அச்சுத் தொழிலுக்கும் உள்ள உறவு இருநூறு ஆண்டுப் பழமை உடையது. லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மீட் 1820ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கே அச்சுக்கூடம் அமைத்தார். திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் முதல் அச்சகமாக அதைச் சொல்வார்கள். அண்ணாச்சியின் தகப்பனார் ஈய எழுத்துகளைக் கையால் கோத்த கம்பாசிடர். அந்தக் காலத்தில் ஒரு வரியைத் திருத்த வேண்டுமானால் பக்கத்தையே பிரிக்க நேரும் என்பதால், அச்சுக்குப் போகும் முன்பே கையெழுத்துப் படியை ஊன்றிப் படிக்கும் பழக்கம் அவர்களிடம் இருந்திருக்கிறது. இப்போது வேலை முழுவதும் கணினிக்கு மாறிய பிறகும் இந்த அச்சகத்தில் அந்தப் பழக்கம் விடுபடவில்லை. மெய்ப்புப் பார்ப்பதற்கென்றே ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவரை வைத்திருக்கிறார்கள். இந்த அச்சகத்தை நான் பரிந்துரைப்பதற்கு முதன்மைக் காரணம் அவர்தான்.

நாங்கள் முதலில் கொண்டுபோன கட்டு பெரும்பாலும் புகழுரைகளால் ஆனது. அதை வாங்கிக்கொண்ட மெய்ப்பாசிரியர், சில நாள் கழித்துப் பென்சில் குறிகளோடு திருப்பிக் கொடுத்தார். பிழைகளைத் திருத்தியிருந்ததோடு, ஒவ்வொரு அடைமொழிக்கும் பக்கத்தில் சிறிய எழுத்தில் ஒரே கேள்வியை எழுதியிருந்தார்: 'எப்படித் தெரியும்?' பிள்ளைகள்மேல் மிகுந்த பாசம் கொண்டவர் என்று எழுதியிருந்த இடத்தில் அந்தக் கேள்வி இருந்தது. கடமை தவறாதவர் என்ற இடத்திலும் இருந்தது. என் பெரியப்பாவுக்கு முதலில் இது மனத்தாங்கலாக இருந்தது. சொந்தத் தாயைப் பற்றி மகன் எழுதியதற்குச் சான்று கேட்பதா என்று வருந்தினார். மெய்ப்பாசிரியர் அவரை உட்கார வைத்து, “நீங்க சொல்றது உண்மைதான் தம்பி, ஆனா உங்க அம்மாவ பாக்காத ஒருத்தன் இத வாசிச்சா அவனுக்கு என்ன தெரியும்?” என்று பொறுமையாகக் கேட்டார். பெரியப்பா அதன்பின் ஒன்றும் சொல்லவில்லை. அன்று மாலையே பரணில் இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கினார்.

அந்தப் பெட்டியில் ஆச்சியின் பாடக்குறிப்பு நோட்டுகள் இருந்தன. பள்ளி ஆய்வாளர் பார்ப்பதற்காக ஆசிரியர்கள் எழுதும் வழக்கமான குறிப்புகளே அவை. ஆனால் ஒவ்வொரு நோட்டின் பின்பக்கங்களிலும், யாருக்கும் காட்டுவதற்கு அல்லாமல், வகுப்புக்கு வராத பிள்ளைகளின் பெயரையும் வராததன் காரணத்தையும் அவர் எழுதி வைத்திருந்தார். ஆவணி, புரட்டாசியில் கன்னிப்பூ அறுப்பு என்றும், மாசியை ஒட்டிக் கும்பப்பூ அறுப்பு என்றும், பனையேறும் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பதநீர்க் காலம் என்றும் காரணங்கள் வருகின்றன. இரண்டு பூ, அதாவது இரு போகம், நெல் விளையும் இந்த மாவட்டத்தில் ஆண்டுக்கு இருமுறை வகுப்பறை பாதி காலியாகிவிடும் என்பதை அவர் முன்கூட்டியே கணக்கில் எடுத்திருக்கிறார். அந்த வாரங்களில் புதிய எழுத்து எதையும் தொடங்காமல், வந்திருக்கும் பிள்ளைகளுக்குப் பழைய பாடத்தையும் கதையையும் வைத்துக்கொண்டு, அறுப்பு முடிந்து எல்லோரும் திரும்பிய பிறகே அடுத்த எழுத்துக்குப் போயிருக்கிறார். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இது தெரியாது. பிள்ளைகள்மேல் பாசம் கொண்டவர் என்ற வரியை மலரிலிருந்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இந்த நோட்டின் ஒரு பக்கத்தை அப்படியே படமாக வைத்தார்கள்.

ஆண்டு வரிசையில் பிறப்பு, படிப்பு, திருமணம், பணி, ஓய்வு என்று எழுதுவதை விட்டுவிட்டு, நோட்டுகளின் வரிசையில் மலரை அமைக்கலாம் என்ற யோசனையையும் மெய்ப்பாசிரியரே தந்தார். அதனால் மலரின் மூன்று பகுதிகளுக்கு உயிர் வந்தது.

ஆச்சி விளவங்கோடு தாலுகாவில் பிறந்தவர். அந்தக் காலத்தில் அது திருவிதாங்கூர், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி. வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மலையாளத்தில் எழுத்து தொடங்கிய தலைமுறை அவருடையது. 1954 ஆகஸ்ட் 11ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழகத்தோடு இணைவதற்காகப் போராடியவர்கள்மேல் துப்பாக்கிச்சூடு நடந்தபோது அவருக்கு வயது 16. 1956 நவம்பர் 1ஆம் நாள் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சேர்ந்து குமரி மாவட்டமாகித் தமிழ்நாட்டோடு இணைந்தபோது அவர் ஆசிரியப் பயிற்சியில் இருந்தார். அவருடைய முதல் நோட்டில் சில பக்கங்கள் மலையாளத்தில் இருக்கின்றன. பயிற்சிக் காலத்தில் சக மாணவியரோடு சேர்ந்து தமிழ் இலக்கணத்தை இரவில் படித்ததைப் பற்றி அதில் எழுதியிருக்கிறார். அச்சகத்தில் மலையாளம் படிக்கத் தெரிந்தவர் இல்லை. இதைக் காரணமாக்கி அந்தப் பக்கங்களை ஒதுக்கியிருக்கலாம். மாறாக, அண்ணாச்சி களியக்காவிளைப் பக்கத்திலிருந்து இரு மொழியும் அறிந்த ஒருவரை வரவழைத்து, மூலப் பக்கத்தின் படத்துக்கு எதிரே தமிழாக்கத்தை அச்சிட்டுக் கொடுத்தார். அதற்கெனத் தனிக் கட்டணம் வாங்கவில்லை.

இரண்டாவது பகுதி 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்தைத் தொட்டது. றா, னா, ணை, லை, ளை, னை முதலான 13 எழுத்துகளின் பழைய வடிவங்களை மாற்றித் தமிழக அரசு ஆணையிட்ட ஆண்டு அது. நாற்பது வயது ஆசிரியை ஒருவர், இருபது ஆண்டாகத் தாம் கரும்பலகையில் எழுதிவந்த எழுத்தைக் கைவிட்டுப் புதியதை எழுதப் பழக வேண்டியிருந்தது. ஆச்சியின் நோட்டில் அந்த மாற்றம் கண்ணுக்கு முன்னால் நடக்கிறது. ஒரு பக்கம் முழுவதும் லை, லை என்று புதிய வடிவத்தைச் சிறுபிள்ளைபோல எழுதிப் பார்த்திருக்கிறார்; தேதியிட்ட குறிப்புகளில் அதன் பிறகும் சில மாதம் வரை அவசரத்தில் எழுதிய இடங்களில் பழைய லை எட்டிப் பார்க்கிறது. இந்தப் பக்கங்களைத் தட்டச்சு செய்தால் எல்லாம் இன்றைய எழுத்தாகிவிடும், அந்த மாற்றமே மறைந்துவிடும் என்று முதலில் சொன்னவர் அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கும் பெண். அவர் பழைய எழுத்தைப் பள்ளியில் கற்ற வயதினர் அல்லர். ஆயினும் அந்தப் பக்கங்களின் மதிப்பை எங்களுக்கு முன்பே கண்டுகொண்டு, அவற்றை உயர்ந்த தெளிவில் ஸ்கேன் செய்து முழுப்பக்கமாக வைத்தார். மலரைக் கையில் எடுக்கும் வயதானவர்கள் இன்றும் அந்தப் பக்கத்தில்தான் நெடுநேரம் நிற்கிறார்கள்.

மூன்றாவது, பாட்டு. தேரூரில் பிறந்து, கோட்டாற்றிலும் நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியப் பணி செய்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் குழந்தைப் பாடல்களை ஆச்சி தம் கையால் படியெடுத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்த வயதுப் பிள்ளைக்கு எந்த மெட்டில் சொல்ல வேண்டும் என்று குறித்திருந்தார். முழுப் பாடலை அச்சிடுவதற்கு யாரிடம் அனுமதி பெற வேண்டும் என்ற கேள்வி எங்களுக்கு இருந்தது. கவிமணி 1954இல் மறைந்தவர். இந்தியச் சட்டப்படி ஆசிரியரின் மறைவுக்குப் பிறகு 60 ஆண்டுகளே காப்புரிமை உண்டு. ஆகவே 2014ஆம் ஆண்டோடு அது முடிந்தது என்று அண்ணாச்சி விளக்கினார். வேறு சில கவிஞர்களின் வரிகளும் நோட்டில் இருந்தன. உரிமை இன்னும் இருக்கும் அவற்றை அவர் அச்சிட மறுத்துவிட்டார். குடும்பத்துக்குள் கொடுக்கும் மலர்தானே என்று நாங்கள் சொல்லியும் அவர் இசையவில்லை. அது சரியான நிலைப்பாடு என்றே நினைக்கிறேன்.

மாணவர்களின் நினைவுகளைத் திரட்டியதில்தான் இந்த அச்சகத்தின் திறமை முழுமையாகத் தெரிந்தது. எங்களிடம் வந்த கடிதங்களில் பல, என் வாழ்வில் ஒளியேற்றியவர் என்ற வகையில் இருந்தன. மெய்ப்பாசிரியர் ஒரு சிறிய தாளை அடித்துக் கொடுத்தார். டீச்சர் உங்களுக்குச் சொல்லித் தந்த ஒரே ஒரு விஷயத்தை, அவர் எப்படிச் சொல்லித் தந்தார் என்பதோடு எழுதுங்கள் என்று அதில் இருந்தது. அதற்கு வந்த பதில்கள் வேறு வகையானவை. கொத்தனார் வேலை செய்யும் ஒருவர், பழைய செய்தித்தாளை மடித்து மடித்து அரை, கால், அரைக்கால், வீசம் என்று டீச்சர் பின்னம் சொல்லித் தந்ததையும், இன்றும் தளம் போடுவதற்குக் கணக்குப் பார்க்கும்போது அந்தத் தாளின் மடிப்புகள் மனத்தில் வருவதையும் எழுதியிருந்தார். வடசேரி சந்தையில் காய்கறி விற்கும் ஓர் அம்மா, எழுத வராது என்பதால் மகளிடம் சொல்லி எழுதச் சொன்னார்: தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்ததால் பள்ளிக்கு வர முடியாத தன்னிடம், தம்பியையும் தூக்கிக்கொண்டு வா என்று டீச்சர் சொன்னாராம், அந்தத் தம்பி வகுப்பின் மூலையில் கோணிப்பையில் தூங்கினானாம். இரண்டு ஆண்டுதான் தொடர முடிந்தது என்றாலும் மனக்கணக்கு அங்கே வந்ததுதான் என்கிறார். இந்த இரண்டு பக்கங்களும் மலரில் இருப்பதற்கு அந்தத் தாளில் இருந்த ஒற்றைக் கேள்விதான் காரணம்.

வீட்டில் ஆச்சியாக அவர் எப்படி இருந்தார் என்ற பகுதியை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. பள்ளியில் இருந்த டீச்சர் வேறு, வீட்டில் இருந்த ஆச்சி வேறு என்று இரண்டு ஆளாக எழுத எனக்கு மனம் வரவில்லை. அவர் அப்படி இருக்கவும் இல்லை. மாலையில் திண்ணையில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கின் தோலை உரித்துக்கொண்டே, பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவரையும் அன்றைய நாளைச் சொல்லச் சொல்வார். “மக்களே, முதல்ல என்ன நடந்தது? அதுக்குப் பொறவு?” என்று கேட்டுக்கொண்டே வருவார். நல்லா இருந்தது, மோசமா இருந்தது என்று சொல்ல அவர் விடமாட்டார். என்ன இருந்தது என்று சொல்ல வேண்டும். யாராவது அழுதால் முதலில் அணைத்துக்கொள்வார், கிழங்கும் மீன்கறியும் கொடுப்பார், அழுகை நின்ற பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்லச் சொல்வார். சொல்லி முடிக்கும்போது பாதித் துக்கம் தீர்ந்திருக்கும். இன்று என் மகளிடம் நானும் அதே இரண்டு கேள்விகளைத்தான் கேட்கிறேன்.

இந்தப் பகுதியைப் படித்த மெய்ப்பாசிரியர் ஓரத்தில் எதையும் எழுதவில்லை. ஒற்றுப்பிழைகளை மட்டும் திருத்திக் கொடுத்தார்.

இனி அச்சு வேலையைப் பற்றி. மலர் டெம்மி எட்டில் ஒரு பங்கு அளவில், 112 பக்கம், அதாவது பதினாறு பக்க ஃபாரம் ஏழு. உள்தாள் 80 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 80 கிராம் எடை) மேப்லித்தோ என்னும் பளபளப்பில்லாத தாள். படங்களுக்கென எட்டுப் பக்கம் மட்டும் 130 ஜி.எஸ்.எம். ஆர்ட் தாள். 300 பிரதிகள் என்பதால் ஆஃப்செட்டில் அடித்தார்கள். நூறுக்குக் குறைவாக வேண்டுமானால் டிஜிட்டல் அச்சே இலாபம் என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். கட்டுமானத்தில் வெறும் பசை வேண்டாம், நூல் தையல் வேண்டும் என்று வற்புறுத்தியதற்காக அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். பலர் கையில் மாறி மாறிப் போகும் நூல், முழுதாக விரித்து வைத்தாலும் பக்கம் கழலாமல் இருக்கிறது. யூனிகோடில் தட்டச்சு செய்த கோப்பை அப்படியே ஏற்றுக்கொள்கிறார்கள் என்பது இன்னொரு வசதி. வேறோர் இடத்தில் எங்கள் கோப்பைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றியபோது ஒகர எழுத்துகள் எல்லாம் சிதறிப்போய், மீண்டும் முதலிலிருந்து பார்க்க வேண்டியிருந்தது.

பழைய புகைப்படங்களைக் கையாளும் விதம் பாராட்டத்தக்கது. நம் கடலோரக் காற்றின் ஈரத்தில் கறுப்பு வெள்ளைப் படங்களில் பூஞ்சை பிடிப்பது வழக்கம். பசைத்தாளும் பிளாஸ்டிக் உறையும் கொண்ட ஆல்பங்களில் ஒட்டிக்கொண்ட படங்களைப் பிய்த்தால் படத்தின் மேற்பரப்பே கிழிந்துவிடும். ஆச்சியும் சக ஆசிரியைகளும் நிற்கும் ஒரே படம் அப்படி ஒட்டியிருந்தது. அதைப் பிய்க்காமல் ஆல்பத்தின் பக்கத்தோடு சேர்த்தே ஸ்கேன் செய்தார்கள். முகத்தில் இருந்த சுருக்கத்தையும் சேலையில் இருந்த சாக்பீஸ் தூசியையும் அழித்து அழகாக்கவில்லை. கிழிசலையும் பூஞ்சைப் புள்ளிகளையும் மட்டுமே நீக்கினார்கள். மூலப் படங்கள் அனைத்தும் உறையிட்டு, எண் எழுதி, பத்திரமாகத் திரும்பி வந்தன.

குறைகளையும் சொல்ல வேண்டும். சொன்ன தேதியில் வேலை முடியவில்லை. முதலாண்டு நினைவு நாளன்று காலையில் ஒரு சிறு கட்டு மட்டுமே கைக்கு வந்தது. மீதிப் பிரதிகளுக்கு மேலும் இரண்டு வாரம் காத்திருந்தோம். வெளியூரிலிருந்து வந்த மாணவர்களில் பலர் வெறுங்கையோடு திரும்பினார்கள், பிறகு அஞ்சலில் அனுப்ப வேண்டியதாயிற்று. பதினாறாம் நாளுக்குள் மலர் வேண்டும் என்பவர்கள் இங்கே போகவே வேண்டாம். இவர்கள் செய்யும் முறைக்கு ஆறு மாதமாவது வேண்டும். பளபளப்பான லேமினேஷன் அட்டை ஐப்பசி மழையில் ஓரம் சுருண்டுவிட்டது. மங்கல் லேமினேஷனும் சற்றுக் கனமான அட்டையும் கேட்டு வாங்குவது நல்லது. வண்ணப் படங்கள் சிலவற்றில் சிவப்பு மிகுந்துவிட்டது. மதிப்பீட்டை எழுத்தில் தருவதில்லை, வாயால்தான் சொல்கிறார்கள். சொன்ன தொகைக்கு மேல் வாங்கவில்லை என்றாலும் எழுதிக் கேட்பதே இரு தரப்புக்கும் நல்லது. மாடிப்படி செங்குத்தானது, லிஃப்ட் கிடையாது. முதியவர்களை அழைத்துப் போவதாக இருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும். மெய்ப்பாசிரியர் கீழே இறங்கி வந்து, பக்கத்துத் தேநீர்க் கடையில் உட்கார்ந்தே பேசுவார். ஆச்சியோடு வேலை பார்த்த, இப்போது தொண்ணூறை நெருங்கும் டீச்சர் ஒருவரிடம் அப்படித்தான் அவர் ஒரு மதியம் முழுவதும் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

செலவு ஒரு பிரதிக்கு 150 ரூபாய்க்குச் சற்று மேல் வந்தது. மெய்ப்புக்கும் பக்க வடிவமைப்புக்கும் சேர்த்தே இந்தக் கணக்கு. இதைவிடக் குறைவாக அச்சிடும் இடங்கள் இருக்கின்றன. படித்துப் பார்த்துக் கேள்வி கேட்கும் ஆளை அவற்றில் நான் காணவில்லை.

போகிறவர்கள் எழுதி முடித்த புகழுரைகளை மட்டும் எடுத்துப் போகாமல், இறந்தவர் கையாண்ட தாள்கள் எவையெல்லாம் கிடைக்கின்றனவோ அவற்றையும் சேர்த்துக்கொண்டு போகலாம்: வருகைப் பதிவு, வரவு செலவு நோட்டு, கடிதம், கடைக் கணக்கு எதுவாயினும். ஆசிரியராக இருந்தவர்களுக்கு மட்டும் என்றில்லை. எங்களுக்கு முன்னால் அங்கே மலர் செய்தவர்கள் ஒரு தையற்காரரின் அளவு நோட்டை வைத்தே அதைச் செய்திருந்தார்கள், அண்ணாச்சி காட்டினார், அருமையாக இருந்தது. வேலை முடிந்ததும் அச்சுக்குப் போன கோப்பையும் தட்டச்சுக் கோப்பையும் கேட்டால் இரண்டையுமே தந்துவிடுகிறார்கள்.

மலர் வெளிவந்த பிறகு, அதைப் படித்த பழைய மாணவர்களிடமிருந்து கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பெரும்பாலானவை, யாரும் கேட்காமலே, ஒரு பாடத்தையும் அதை டீச்சர் நடத்திய விதத்தையும் எழுதுகின்றன. அவற்றைச் சேர்த்து, ஒரு ஃபாரம் கூட்டி, இரண்டாம் பதிப்பு போட முடிவு செய்திருக்கிறோம். ஏற்கெனவே உள்ள பக்கங்களுக்கு வடிவமைப்புக் கூலி கிடையாது, புதிய பதினாறு பக்கத்துக்கும் தாளுக்கும் அச்சுக்கும் மட்டும் கொடுத்தால் போதும் என்று அண்ணாச்சி சொல்லியிருக்கிறார். இம்முறை அட்டைக்கு மங்கல் லேமினேஷன் என்று எழுதி வாங்கிக்கொண்டோம்.